அமீனா வரவில்லையா

பாளையங்கோட்டையில் வக்கீல் பாலசுப்பிரமணியனிடம் இருபத்தாறு வருஷமாக நான் குமாஸ்தா. என் பேர் மதார். வழக்கு எண்ணையும் வாய்தா தேதியையும் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. முத்துராணியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அது வருகிற இடத்தில் சொல்கிறேன்.

தீர்ப்பு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கட்சிக்காரர்கள் நினைப்பார்கள். தீர்ப்பு வெறும் காகிதம். தோற்றவரை வீட்டைவிட்டு வெளியே வரச்சொல்லி, சாவியை வாங்கி, ஜெயித்தவர் கையில் கொடுக்க ஓர் ஆள் நேரில் போகவேண்டும். அரசாங்கக் காகிதத்தில் அந்த ஆளுக்குக் கட்டளை நிறைவேற்றுநர் என்று பேர். எங்கள் பக்கம் யார் வாயிலும் அது நுழையாது. அமீனா என்பார்கள். அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவன். நவாபு காலத்தில் வந்த சொல் என்று கேள்வி. எப்படியோ கடைசியில் ஒரு துணைக்கால் ஒட்டிக்கொண்டு பெண்பிள்ளை பேர் மாதிரி ஆகிவிட்டது. என் தங்கை பேரே ஆமினாதான். ஆனால் அந்தச் சொல்லோடு ஊருக்குள் வந்ததெல்லாம் மீசை வைத்த ஆண்கள்.

முத்துராணி எங்கள் முன்சீப் கோர்ட்டுக்கு அமீனாவாக வந்தது 2022-இல். அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயசு. முறப்பநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அப்பா கருத்தையா வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்து கல்லூரிப் படிப்பை முடித்தாள். பெருமாள்ராஜைக் கட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குக் குடிவந்தாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதி, மூன்றாவது தடவை தேறினாள். பெருமாள்ராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பையன். ஆனால் யார் கேட்டாலும், "கோர்ட்ல கிளர்க்கா இருக்கா" என்றுதான் சொல்வான். கருத்தையாவும் சந்தோஷப்படவில்லை. அவர் வேலை பார்த்த தோட்டக்காரர் வீட்டுக்கு ஒருமுறை அமீனா வந்து, வாசலில் கட்டிக்கிடந்த மாட்டைக் கயிற்றோடு அவிழ்த்துப் போனதைப் பார்த்தவர். "ஊரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிடுத வேலைலா இது" என்றாராம் மகளிடம்.

வந்த முதல் மாசம் ஒரு வீட்டுக்குச் சம்மன் கொடுக்க அவளை அனுப்பினார்கள். வீட்டை அடையாளம் காட்ட நான் கூடப் போனேன். எங்கள் மேலப்பாளையத்தில் ஒரு சந்து. ஹமீது பீவி என்கிற அம்மாள் கதவைத் திறந்தார்.

"சொட்டு மருந்தா? இங்கன சின்னப் பிள்ளைக யாருமில்லையே."

"இல்லம்மா. கோர்ட்லருந்து வந்திருக்கேன்."

"கோர்ட்லருந்தா? அமீனா வரலியா?"

"நாந்தாம்மா அமீனா."

அந்த அம்மாள் அவள் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இந்தப் பிள்ளை பேரக் கேக்கல, அமீனா எங்கன்னு கேக்கேன்" என்றார். முத்துராணி கோபப்படவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, சம்மனில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுக்க வந்தார். நான் சிரித்தேன். திரும்பி வரும்போது, "சிரிக்காதீங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மற்ற அமீனாக்கள் மூன்று பேரும் எங்களுக்கு சார்தான். மூத்தவர் தேவசிகாமணியை அமீனா சார் என்போம், கட்சிக்காரர்கள் அமீனா அய்யா என்பார்கள். பெண் வக்கீல்களை மேடம் என்போம். முன்சீப்பாக இருந்ததும் ஒரு பெண்தான், அவர் எங்களுக்கு அம்மா. முத்துராணியை மேடம் என்று கூப்பிட ஒரு குமாஸ்தாவுக்கும் மனசு வரவில்லை. "ஏம்மா", "இந்தா முத்துராணி", ஆள் இல்லாத இடத்தில் "அந்த லேடீஸ்". நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இத்தனைக்கும் என்னைவிட அவள் படித்தவள், அரசாங்க உத்தியோகஸ்தி. நான் ஒரு தனியார் வக்கீலிடம் சம்பளம் வாங்குகிறவன். அவள் என்னை ஒருநாளும் சார் போடாமல் கூப்பிட்டதில்லை.

அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவருக்கு நாசர் என்று பதவிப் பேர். எங்கள் நாசர் தாணுமாலையன். விபூதி அழியாத நெற்றி, யாரையும் அதட்டாத குரல். "பொம்பளப் பிள்ளைய சண்டை நடக்கிற எடத்துக்கு அனுப்பப்பிடாது வே" என்று, வீடு காலி செய்கிற வாரண்டு எதையும் முத்துராணி கையில் கொடுக்கமாட்டார். சம்மன், நோட்டீஸ், இவைதான் அவளுக்கு. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார். காலி செய்யப்போகிற வீட்டில் பெண்கள் வாசலில் விழுந்து மறிப்பார்கள் என்று தெரிந்தால், தேவசிகாமணியோடு முத்துராணியும் போகவேண்டும்.

அப்படி ஒருநாள் திருவைகுண்டம் ரோட்டில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். தேவசிகாமணி உத்தரவைப் படித்து முடித்துத் தாளை மடித்துக்கொண்டே, "லேடீஸ், பிடிம்மா" என்றார். முத்துராணி குனிந்து அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். அந்தப் பெண் முத்துராணியின் முன்கையில் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. முத்துராணி கையை எடுக்காமல் அவளைத் தூக்கி வேப்பமரத்தடியில் கொண்டு உட்கார வைத்தாள். ஜெயித்த கட்சிக்காரர் தேவசிகாமணிக்கு நாற்காலி போட்டு, "அமீனா அய்யா, கலர் குடிங்க" என்றார். முத்துராணி மாட்டுத்தொட்டிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாசரிடம் அவள் கேட்டிருக்கிறாள். "பிடிக்கதுக்கு மட்டும் நான் வேணும்னா, வாரண்டையும் எங்கிட்டத் தாங்க சார்."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன்" என்றார் அவர்.

போன வருஷம் ஆனி மாசம் நாசர் பத்துநாள் லீவில் போனார். அந்தச் சமயத்தில் முன்சீப் அம்மா வேலைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வருஷமாக ஒருத்திக்கு வீடு காலி செய்கிற சுவாதீன வாரண்டு ஒன்றுகூடக் கொடுக்கவில்லையே என்று கேட்டார். மேஜையில் முதலில் இருந்த வாரண்டை முத்துராணி பேருக்கு எழுதச் சொன்னார். அது எங்கள் வக்கீல் ஆபீஸ் வழக்கின் வாரண்டு.

வழக்கு பாலம்மாள் என்கிற விதவைக்கும் அவருடைய கொழுந்தனுக்கும். பாளையங்கோட்டையில் பழைய தெரு ஒன்றில் அகலம் குறைந்த நீள வீடு. பாலம்மாளின் புருஷன் இறந்தபிறகு அந்த வீடு தம்பிக்கே பாத்தியம் என்று பதினோரு வருஷம் நடந்த வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. தம்பிதான் எங்கள் கட்சிக்காரர்.

காலையில் போனோம். முத்துராணி, நான், கட்சிக்காரர், பூட்டுத் திறக்க ஓர் ஆள். முத்துராணி அன்றைக்குக் கஞ்சி போட்ட நீலச் சேலை கட்டியிருந்தாள். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றாள். வாரண்டைப் படித்தாள். வீட்டு எண்ணைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"சார், இதுல கதவு எண் இருபத்தேழுன்னு இருக்கு. இந்த வீடு எழுபத்திரண்டு."

நான் எட்டிப் பார்த்தேன். வாரண்டு கேட்டுப் போட்ட மனுவைத் தட்டச்சு செய்தவன் நான். 72 என்று அடிப்பதற்கு 27 என்று அடித்திருக்கிறேன். கோர்ட்டில் அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டார்கள்.

எதிர்ச்சாரியில் இருந்தது இருபத்தேழு. முத்துராணி போய்க் கதவைத் தட்டினாள். ரிட்டயரான ஆசிரியை சாரம்மாள் வெளியே வந்தார். முத்துராணி நாலெல்லையும் வாசித்துக் கேட்டாள். "மேற்கே தெருன்னு போட்டிருக்கு டீச்சர். உங்க வீட்டுக்குக் கிழக்கேல்லா தெரு இருக்கு?" ஆமாம் என்றார் டீச்சர். ஆக, வாரண்டில் எண் ஒரு வீட்டைக் காட்டியது, எல்லை எதிர்வீட்டைக் காட்டியது.

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். "ஏம்மா, இது ஒரு பெரிய விஷயமா? பேனாவால திருத்திக்கிடுவோம். தேவசிகாமணி சார் எத்தனை தடவ திருத்தியிருக்காரு."

"ஜட்ஜம்மா கையெழுத்துப் போட்டதுல நான் எப்படி சார் எழுத?"

"வீடு எதுன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா போதாதே. நாளைக்கு அவுக ஒரு வக்கீல வச்சு, அமீனா வேற வீட்டுல பூந்துட்டான்னு கேட்டா நாந்தான பதில் சொல்லணும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சட்டம். பாலம்மாள் அதற்குள் வாசலுக்கு வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துராணி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வீட்டுப் படியில் உட்கார்ந்து, சொத்து விவரம் பொருந்தவில்லை, தெளிவுரை கேட்டு வாரண்டைத் திருப்புகிறேன் என்று அறிக்கை எழுதினாள். சாரம்மாள் டீச்சரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தாள்.

கட்சிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன வே நடக்குது? பதினோரு வருஷம் அலைஞ்சு வாங்கின உத்தரவு. இன்னைக்கு நல்ல நாளுன்னு பால் காய்ச்சப் பானையெல்லாம் கொண்டாந்திருக்கேன்." அதே நேரம் வக்கீலிடமிருந்து போன் வந்தது. சுவாதீனம் எடுத்தாச்சா என்று கேட்டார்.

நான் தட்டச்சு செய்ததில் தப்பு என்று சொல்லியிருக்கலாம். வக்கீல் கோபக்காரர், கட்சிக்காரர் பக்கத்தில் நிற்கிறார், எனக்கு வயசு ஐம்பத்திநாலு. என் வாயில் வந்தது இதுதான்: "இல்லய்யா. இந்த அமீனா பொம்பளைலா. அந்தம்மாவப் பார்த்துப் பாவப்பட்டுட்டா. ஏதோ நம்பர் சரியில்லன்னு சாக்குச் சொல்லிட்டுத் திரும்புதா."

வக்கீல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்சிக்காரரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எத்தனையோ உண்மைகளுக்கு அவர்கள் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பொய்க்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

மறுநாளே முத்துராணி மீது கட்சிக்காரர் பேரால் புகார் மனு போயிற்று. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். 'பெண் என்ற முறையில் எதிர்மனுதாரர் மீது இரக்கம் கொண்டு கடமை தவறிய' என்று வக்கீல் சொல்லச் சொல்ல அடித்தேன். லீவு முடிந்து வந்த நாசர் அதன் மேல் தன் குறிப்பை வைத்தார். பணியாளர் உணர்ச்சிவசப்பட்டிருக்கலாம், களப்பணி அவருக்கு ஏற்றதல்ல என்று ஏற்கெனவே கருதியிருந்தேன் என்று.

முன்சீப் அம்மா முத்துராணியை அறைக்குக் கூப்பிட்டார். என்ன நடந்தது என்பதைக் கோர்ட்டு டவாலி எங்களிடம் சொன்னான். முத்துராணி வாரண்டையும் அறிக்கையையும் வைத்து எண்ணையும் எல்லையையும் காட்டியிருக்கிறாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நீங்க செஞ்சது சரிதான்" என்றிருக்கிறார். ஒரு நிமிஷம் கழித்து, "பாவம் பார்க்கலையே?" என்றும் கேட்டிருக்கிறார்.

"பார்க்கலம்மா. அவங்க முகத்தையே நான் சரியாப் பார்க்கல."

"நீங்க தேவசிகாமணியையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். இந்தப் பேச்சு வந்திருக்காது."

வாரண்டைத் திருத்த மனுப் போடும்போதுதான் தப்பு என்னுடையது என்று வக்கீலுக்குத் தெரிந்தது. அரைமணி நேரம் என்னைத் திட்டினார். அத்தோடு சரி. புகாரைத் திரும்ப வாங்கிவிடுவோமா என்று கேட்டேன். "குடுத்தது குடுத்ததா இருக்கட்டும் வே. வாங்கினா நம்ம தப்புல்லா வெளிய வரும்" என்றார்.

திருத்திய வாரண்டு ஆடி முடிந்தபிறகு வந்தது. தேவசிகாமணி, முத்துராணி இரண்டு பேர் பேரும் போட்டிருந்தார்கள். போகிற வழியில் தேவசிகாமணி, "நீயே படிச்சிரும்மா. உனக்கும் ஒரு இதா இருக்கும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பாலம்மாள் எங்களைக் கண்டதும் முத்துராணியைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் வாசலில் நிற்கும்போதே உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "அன்னைக்கு என் நெலமையப் பார்த்துத் திரும்பிப் போனியே தாயி. பொம்பளைக்குப் பொம்பளைதான் எரங்குவா. தெருவெல்லாம் அதே பேச்சு."

முத்துராணி சொம்பை வாங்கவில்லை. "நான் எரங்கலம்மா. அன்னைக்கு நம்பர் தப்பா இருந்திச்சு. இன்னைக்குச் சரியா இருக்கு" என்றாள். பிறகு உத்தரவைப் படித்தாள். குரல் ஓரிடத்திலும் இடறவில்லை.

பாலம்மாள் மோரை வாசலில் கொட்டினார். "நீயும் ஒரு பொம்பளையா?" என்றார். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. முத்துராணியின் பிள்ளைகள் வரைக்கும் இழுத்தார். முத்துராணி படித்த தாளை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வைது ஓய்ந்தபின் பாலம்மாள் தேவசிகாமணி பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அமீனா அய்யா, சாமி படங்களை மட்டும் எடுத்துக்கிடுதேன். கொஞ்ச நேரம் குடுங்கய்யா."

தேவசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பைய எடுத்துக்கோங்கம்மா. ஒரு மணி நேரம் இருக்கட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்." பாலம்மாள் அவர் காலில் விழப்போனார். அவர் தடுத்தார். உத்தரவில் ஒரு மணி நேரம் என்று எதுவுமில்லை. எங்கள் கட்சிக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. "அவரு பெரிய மனுசன். அவருக்குத் தெரியும்" என்றார் என்னிடம்.

பாத்திரங்களையும் பீரோவையும் வெளியே தூக்கி வைக்கும்போது முத்துராணி ஒவ்வொன்றையும் எழுதி, பாலம்மாளின் தங்கை மகனிடம் கையெழுத்து வாங்கினாள். சாரம்மாள் டீச்சர் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முத்துராணி வணக்கம் சொன்னாள். டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

மறுவாரம் முத்துராணியை நகல் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. தீர்ப்பு நகல் கேட்டு வருகிறவர்களின் மனுவை வாங்கி எண் போட்டு, தயாரானதும் கொடுக்கிற வேலை. நிர்வாக நலன் கருதி என்று எழுதியிருந்தது. நாசர் அவளைக் கூப்பிட்டு, "விசிறிக்குக் கீழ உக்காந்து பாக்கிற வேலைம்மா. வெயில்ல அலைய வேண்டாம்" என்றார். பெருமாள்ராஜ் அன்றைக்குக் கோர்ட்டு ஆபீசில் எல்லோருக்கும் அல்வா வாங்கிவந்து கொடுத்தான். இனி அவன் ஊரில் சொல்வது பொய்யில்லை. அவளும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள்.

ஐப்பசியில் ஒரு நகல் மனுவோடு போனேன். ஜன்னலில் வேறு யாருமில்லை. அவள் மேஜையில் பழைய வாரண்டுகளின் கட்டு ஒன்று கிடந்தது. பதிவறைக்கு அனுப்புமுன் பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பிறகு இரண்டு தாளை உருவி என் பக்கம் திருப்பினாள். இரண்டும் புரட்டாசியில் தேவசிகாமணி திருப்பிய வாரண்டுகள். ஒன்றில் சர்வே எண் தப்பு, ஒன்றில் எல்லை தப்பு. இரண்டின் மேலும் நாசர் கையெழுத்தில் ஒரே வரி: 'அமீனாவின் அறிக்கை ஏற்கப்பட்டது.'

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு வக்கீலய்யாட்ட உன்னைப் பத்திச் சொன்னது நாந்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். நீங்க போன்ல பேசும்போது நான் பக்கத்து வீட்டுப் படியிலதான இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் என் மனுவை வாங்கி ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"நம்பர் தப்புன்னு சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்குமா சார்?"

"போயிருக்காது. திட்டியிருப்பாரு."

"எவ்வளவு நேரம் திட்டுவாரு?"

"ஒரு அரைமணி நேரம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். களப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அது நாசர் மேஜையில் இருக்கிறதாம். புகார் மனுவும் அவள் பணிப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் எங்கள் கட்சிக்காரர் எழுதித் தர வேண்டும், அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அவர் கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

என் மனுவுக்கு எண் போட்டுவிட்டு, "புதன்கிழமை வாங்க சார், நகல் ரெடியாயிரும்" என்றாள் முத்துராணி. எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றிருந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.